புகையிலைக் கொல்லையில் பிறந்த சட்டசபை

மூன்று முறை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் புகையிலைப் பிசின் கையை விட்டுப் போகாது. என் அப்பாயி அடுப்புச் சாம்பலையும் புளியையும் சேர்த்து உரசுவாள். அப்படியும் விரலிடுக்கில் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கையால் சோற்றைப் பிசைந்தால் முதல் கவளம் கசக்கும்.

வேதாரண்யத்தை ஒட்டிய மணற்பாங்கான ஊர் எங்களுடையது. தாத்தாவுக்கு ஒன்றரை ஏக்கர் கொல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் நாற்று நடுவார்கள். கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஒவ்வொரு செடிக்கும் ஊற்றுவார்கள். தைப் பனி இறங்கும் நாட்களில் விடிவதற்கு முன்பே கொல்லைக்குள் போய்க் கொழுந்து கிள்ள வேண்டும். நனைந்த இலை உடம்பெல்லாம் உரசினால் தலை சுற்றும், குமட்டிக்கொண்டு வரும். எனக்குப் பத்து வயதில் ஒரு நாள் அப்படி வேலியோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். "இலை மயக்கம்தான், கொஞ்சம் மோர் குடித்தால் சரியாகிவிடும்" என்று அப்பாயி சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

இந்தச் செடி எங்கள் மண்ணுக்குரியது அல்ல என்பதைக் கல்லூரிக்குப் போன பிறகே அறிந்தேன். அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்ச்சுக்கீசியர் வழியாகக் கடல் கடந்து வந்தது. அதன் பிறகு புகையிலை பற்றிய எழுத்து எது கண்ணில் பட்டாலும் விட்டதில்லை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஆங்கிலேயர் குடியேறிய வர்ஜீனியாவின் கதைக்குள் நான் நுழைந்ததும் அப்படித்தான். மற்றவர்கள் வாக்குரிமை, சபை, சுதந்திரம் என்னும் முன்வாசல் வழியாக அந்த வரலாற்றுக்குள் போகிறார்கள். நான் கொல்லைப்புறமாகப் போனேன். அந்த வழியாகப் போகிறவனுக்கு முதலில் தெரிவது, இலையை யார் கிள்ளினார்கள் என்பதுதான்.

சென்ற ஆண்டு, வர்ஜீனியாவில் அவர்கள் குடியேறிய ஜேம்ஸ்டவுன் தீவுக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தது. ஜேம்ஸ் ஆற்றின் கரையில் பழைய செங்கல் கோபுரம் ஒன்று நிற்கிறது. அதையொட்டி 1907-இல் கட்டிய நினைவுத் தேவாலயம். உள்ளே போனால் தரையில் ஓரிடத்தில், 1617-இல் கட்டிய மரத் தேவாலயத்தின் கல் அடித்தளத்தைக் காணலாம். 50 அடி நீளம், 20 அடி அகலம். எங்கள் ஊரில் இலையைத் தொங்கவிடும் கொட்டகை அதைவிடப் பெரியது. ஆங்கிலேயர் குடியேறிய அமெரிக்காவில் மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் முதன்முதலாக ஒன்றுகூடியது அந்தச் சின்ன இடத்தில்தான். 1619 ஜூலை 30, வெள்ளிக்கிழமை.

அதற்கு முந்தைய பன்னிரண்டு ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1606-இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் லண்டனில் ஒரு வர்த்தகக் கம்பெனிக்குப் பட்டயம் கொடுத்தார். சூசன் கான்ஸ்டன்ட், காட்ஸ்பீட், டிஸ்கவரி என்று மூன்று கப்பல்கள் புறப்பட்டன. 1607 மே மாதம் நூற்றுச் சொச்சம் பேர் கரை இறங்கினார்கள். யார் ஆள்வது என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. ஆட்சிக் குழுவின் பெயர்கள் பூட்டிய பெட்டியில் இருந்தன. கரையை அடைந்த பிறகே திறக்க வேண்டும் என்பது உத்தரவு. திறந்து பார்த்தால், வழியில் கலகம் செய்ததாகக் கைது செய்து வைத்திருந்த ஜான் ஸ்மித்தின் பெயரும் அதில் இருந்தது. தங்கம் தேடினார்கள், கிடைக்கவில்லை. கண்ணாடி, தார், பட்டு என்று எதையெல்லாமோ முயன்றார்கள், லாபம் வரவில்லை. 1609-10 குளிர்காலத்தில் பசி வந்தது. கோட்டைக்குள் இருந்த ஏறத்தாழ 300 பேரில் 60 பேர் மிஞ்சினார்கள். ஏறக்குறைய 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் மண்டையோட்டை 2012-இல் அங்கே தோண்டி எடுத்தார்கள். அதில் இருந்த வெட்டுக் காயங்கள், அவள் இறந்த பிறகு உடலை உணவுக்காக அறுத்ததைக் காட்டின. அவள் முகத்தை மீண்டும் வடித்து அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அதன் எதிரே என்னால் அதிக நேரம் நிற்க முடியவில்லை.

கம்பெனியைக் காப்பாற்றியது, குடியேறியவர்களில் ஒருவரான ஜான் ரோல்ஃப் நட்ட விதை. வர்ஜீனியாவின் சொந்தப் புகையிலை காரம் மிகுந்தது, லண்டனில் விலை போகவில்லை. ஸ்பானியர் வசமிருந்த கரீபியப் பகுதியின் இனிய ரகத்தை ரோல்ஃப் எப்படியோ தருவித்து 1612 வாக்கில் பயிரிட்டார். இரண்டு ஆண்டுகளில் முதல் சரக்கு கப்பலேறியது. 1617-இல் 20,000 ராத்தல் (பவுண்டு எடை), அடுத்த ஆண்டு அதைப் போல இரண்டு பங்கு, 1629-இல் 15 லட்சம் ராத்தல். ஜேம்ஸ் மன்னரோ 1604-இலேயே புகையிலையைக் கண்டித்து ஒரு நூல் எழுதியவர். ஆனாலும் வந்த சுங்கத்தை வாங்கிக்கொண்டார். 1619 முடிவதற்குள் இங்கிலாந்தில் புகையிலை பயிரிடுவதையே தடை செய்து வர்ஜீனியாவுக்கு வழிவிட்டார்.

இனி அந்தத் தேவாலயத்துக்குத் திரும்புகிறேன்.

1618-இல் கம்பெனி தன் முறையை மாற்றிக்கொண்டது. அதுவரை ராணுவச் சட்டம்தான். உணவு திருடியவனுக்குக்கூட மரண தண்டனை உண்டு. அப்படிப்பட்ட இடத்துக்கு யார் கப்பலேறி வருவார்கள்? எனவே நிலம் தருவதாக அறிவித்தார்கள். ஓர் ஆளின் கப்பல் செலவை ஏற்கிறவருக்குத் தலைக்கு 50 ஏக்கர். கூடவே, குடியேறியவர்கள் ஆண்டுக்கொரு முறை தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்துச் சட்டம் இயற்றிக்கொள்ளலாம் என்ற உரிமை. புதிய ஆளுநர் ஜார்ஜ் யியர்ட்லி இந்த உத்தரவுகளோடு 1619 ஏப்ரலில் வந்து சேர்ந்தார். பதினோரு குடியிருப்புகளிலிருந்து இருவர் இருவராக 22 பேர் வந்தார்கள்.

ஜூலை கடைசி. அந்த ஆற்றங்கரையின் புழுக்கம் எங்கள் ஊர்ச் சித்திரைக்குச் சற்றும் குறைந்ததல்ல. கம்பளித் துணி உடுத்த ஆண்கள் அந்தச் சிறிய மரக் கட்டடத்துக்குள் ஐந்து நாட்கள் உட்கார்ந்தார்கள். சபாநாயகர் ஜான் போரிக்கே உடல்நிலை சரியில்லை. மூன்றாம் நாள் வால்டர் ஷெல்லி என்ற உறுப்பினர் இறந்துபோனார். அன்று ஞாயிற்றுக்கிழமை, மறுநாள் சபை மீண்டும் கூடியது. இந்த விவரங்களெல்லாம் போரி எழுதி லண்டனுக்கு அனுப்பிய அறிக்கையால் நமக்குக் கிடைத்தவை.

அந்த அறிக்கையில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது மார்ட்டின் விவகாரம். ஜான் மார்ட்டின் என்ற குடியேறிக்குக் கம்பெனி கொடுத்திருந்த தனிப் பட்டயம், காலனியின் சட்டங்களிலிருந்து அவருக்கு விலக்கு அளித்தது. அவருடைய தோட்டத்திலிருந்தும் இருவர் சபைக்கு வந்திருந்தார்கள். சபை கேட்டது: எங்கள் சட்டம் உங்களைக் கட்டுப்படுத்தாது என்றால், எங்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்ற நீங்கள் எப்படி இங்கே உட்காரலாம்? மார்ட்டின் தன் சலுகையை விட்டுக்கொடுக்க மறுத்தார். இருவரையும் சபை வெளியே அனுப்பியது. சட்டம் செய்கிறவன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவனாக இருக்க வேண்டும் என்ற நியாயத்தை, பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத சபை தானே கண்டெடுத்து நிலைநாட்டியது. இதைப் படித்தபோது எழுந்து நிற்கத் தோன்றியது. இன்றைய எத்தனையோ பெரிய மன்றங்களில் இந்த எளிய கேள்வியைக் கேட்க ஆள் இல்லை.

அதே சபைதான் இதையும் செய்தது. வில்லியம் பவல் என்ற உறுப்பினர், தன் வேலையாள் தாமஸ் கார்னெட் மீது புகார் கொடுத்தார். ஒழுக்கக்கேடு, சோம்பல், எசமானர் மேல் பொய்ப் பழி என்பவை குற்றச்சாட்டுகள். நான்கு நாட்கள் காதுகளைத் தண்டனைக் கட்டையில் ஆணி அடித்து நிறுத்த வேண்டும், நாள்தோறும் சவுக்கடி கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. புகார் கொடுத்தவர் அந்தச் சபையிலேயே உட்கார்ந்திருந்தார். வேலையாட்களுக்கு அங்கே குரல் கிடையாது.

மற்றச் சட்டங்கள் பலவிதம். ஞாயிறு தோறும் கோயிலுக்கு வர வேண்டும். சூதாட்டமும் குடியும் கூடாது. ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு முசுக்கட்டை மரங்கள் நட வேண்டும், பட்டுப்பூச்சி வளர்க்க. அந்த மரங்களின் கதை நடக்கவே இல்லை. புகையிலைக்கு விலை இருக்கும்போது எவன் பட்டுப்பூச்சிக்கு இலை பறிப்பான்?

விலைக்கு வருகிறேன். கம்பெனியின் கிடங்குக்கு ஏப்ரகாம் பியர்ஸி பொறுப்பாளர். குடியேறியவர்கள் விளைவித்த இலையை வாங்கி, அதற்கு ஈடாகத் துணி, இரும்பு, கருவிகள் கொடுக்கிறவர். சபை அவரை அழைத்தது. முதல் தர இலைக்கு ராத்தலுக்கு மூன்று ஷில்லிங் (ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்னி), இரண்டாம் தரத்துக்குப் பதினெட்டுப் பென்னி என்று விலையை உறுதி செய்தது. விளைவிக்கிறவர்கள் கூடி, வாங்குகிறவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து விலை பேசிய காட்சி அது. விலையைக் கம்பெனிதான் ஏற்கெனவே குறித்திருந்தது என்றாலும், அதை எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொள்ள வைத்தது சிறிய காரியம் அல்ல. என் தாத்தா வாழ்நாள் முழுதும் சிப்பம் கட்டி மண்டிக்கு அனுப்பினார். ஒரு முறைகூட அவரைக் கேட்டு யாரும் விலை வைத்ததில்லை.

கூட்டம் கலையும் முன் இரண்டு தீர்மானங்கள். 16 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆணும் சபாநாயகருக்கும் எழுத்தருக்கும் மற்ற அலுவலர்களுக்கும் சேர்த்து ஒரு ராத்தல் நல்ல புகையிலை தர வேண்டும். அமெரிக்காவில் மக்கள் சபை விதித்த முதல் வரி இலையாகவே வசூலானது. மற்றொன்று, கம்பெனிக்கு ஒரு விண்ணப்பம்: எங்கள் சட்டங்களைத் தள்ளவும் ஏற்கவும் உங்களுக்கு அதிகாரம் இருப்பதைப் போல, லண்டனில் நீங்கள் போடும் உத்தரவுகளை ஏற்கவும் தள்ளவும் எங்களுக்கும் அதிகாரம் கொடுங்கள். பணிவான நடையில்தான் எழுதியிருந்தார்கள். 1776-இல் அமெரிக்க விடுதலை அறிவிப்பாக வெடித்ததன் முளை இந்த வேண்டுகோளில் இருக்கிறது என்றே நான் நம்புகிறேன். ஆகஸ்ட் 4-ஆம் தேதி, வெப்பமும் நோயும் தாங்காமல் சபை கலைந்தது.

அதே மாத இறுதியில் ஒயிட் லயன் என்ற கப்பல் ஆற்றின் முகத்துவாரத்தில், பாயின்ட் கம்ஃபர்ட் முனையில் நங்கூரம் பாய்ச்சியது. அங்கோலாவின் லுவாண்டாவிலிருந்து அடிமைகளை ஏற்றிச் சென்ற போர்ச்சுக்கீசியக் கப்பல் ஒன்றைக் கடலில் கொள்ளையடித்து வந்த கப்பல் அது. இருபதுக்குச் சற்று மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் அதில் இருந்தார்கள். லண்டனுக்கு இதை எழுதித் தெரிவித்தவர் ரோல்ஃப். புகையிலை விதை கொண்டுவந்த அதே ரோல்ஃப். அவர்களை ஆளுநரும் கிடங்குப் பொறுப்பாளரும் உணவுப் பொருட்களைக் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள் என்று எழுதுகிறார்.

ஆளுநர் என்றால் யியர்ட்லி, சபைக்குத் தலைமை வகித்தவர். கிடங்குப் பொறுப்பாளர் என்றால் பியர்ஸி, விலை பேச அழைக்கப்பட்டவர். ஒரு மாதம்கூட ஆகவில்லை. இந்த வரியை நான் பல முறை திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். சபையும் அடிமை முறையும் ஒரே ஆண்டில் வந்தன என்று எல்லோரும் எழுதுகிறார்கள், ஏதோ காலத்தின் தற்செயல் போல. தற்செயல் என்று என்னால் ஏற்க முடியவில்லை. நிலம் கிடைத்தது, விலை கிடைத்தது, சட்டம் இயற்றும் கை கிடைத்தது. கொல்லையில் இறங்கக் கை வேண்டியிருந்தது.

புகையிலை எத்தனை கைகளைக் கேட்கும் என்பது அந்தக் கொல்லையில் நின்றவர்களுக்குத் தெரியும். விதை தூசியைப் போலிருக்கும். நாற்றங்காலில் வளர்த்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி நட வேண்டும். புழுவை விரலால் எடுக்க வேண்டும். நுனியைக் கிள்ள வேண்டும். கிள்ளினால் பக்கத்தில் துளிர்க்கும், அதையும் வாரம்தோறும் ஒடிக்க வேண்டும். அறுத்து, வாடவிட்டு, கொட்டகையில் தொங்கவிட்டு, பதம் பார்த்து இறக்கி, காம்பு நீக்கி, வர்ஜீனியாவில் பெரிய மரப் பீப்பாய்களில் அழுத்தி அடைக்க வேண்டும். நெல்லைப் போல நட்டுவிட்டுக் கொஞ்ச நாள் ஓய்ந்திருக்க இந்தப் பயிர் விடாது. போதாக்குறைக்கு மூன்று நான்கு போகத்தில் மண்ணின் சத்தை உறிஞ்சிவிடும். எரு போடுவதைவிடப் புதுக் காட்டை வெட்டுவது அங்கே மலிவாக இருந்தது.

அந்தக் காடு யாருடையது? பொவ்ஹாட்டன் கூட்டமைப்பின் முப்பது வரையிலான குடிகளுடையது. ஆற்றங்கரையில் மக்காச்சோளமும் பயறும் விளைவித்து வாழ்ந்தவர்கள். ரோல்ஃப் மணந்த போகாஹாண்டஸ் அவர்களுடைய தலைவரின் மகள். அவள் 1617-இல் இங்கிலாந்தில் இறந்தாள். அடுத்த ஆண்டு தந்தையும் இறந்தார். புகையிலைத் தோட்டங்கள் ஆற்றின் இரு கரையிலும் ஏறிக்கொண்டே போயின. 1622 மார்ச் 22 அன்று ஓப்பெகாங்கனோ தலைமையில் பொவ்ஹாட்டன் மக்கள் ஒரே காலைப் பொழுதில் தாக்கினார்கள். 347 ஆங்கிலேயர் மாண்டனர். பதிலுக்குக் குடியேறியவர்கள் ஆண்டுதோறும் சோளக் கொல்லைகளைக் கொளுத்தினார்கள். 1623-இல் சமாதானம் பேச அழைத்து நஞ்சு கலந்த மதுவைக் கொடுத்தார்கள். 1646 உடன்படிக்கைக்குப் பிறகு, ஆண்டுக்கு இருபது பீவர் (ஒரு நீர்விலங்கு) தோல் கப்பம் கட்டும் நிலைக்கு அந்த மக்கள் வந்துவிட்டார்கள். அவர்களின் வழிவந்த பமங்கி, மேட்டப்போனி மக்கள் இன்றும் ஆண்டுதோறும் நவம்பரில் வர்ஜீனியா ஆளுநரின் இல்லத்துக்கு மான் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். உடன்படிக்கையில் தங்கள் பக்கத்தை அவர்கள் மறக்கவில்லை.

1624-இல் மன்னர் கம்பெனியின் பட்டயத்தை ரத்து செய்து காலனியைத் தானே எடுத்துக்கொண்டார். சபை என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவர்கள் கூடுவதை நிறுத்தவில்லை. அனுமதி இல்லாமலே பல ஆண்டுகள் கூடினார்கள். கடைசியில் 1639-இல் மன்னர் சார்லஸ் ஒப்புக்கொண்டார். இந்தப் பிடிவாதத்தை நான் மனமார மதிக்கிறேன். அதனாலேயே அடுத்துச் சொல்லப்போவது எனக்கு வலிக்கிறது.

எலிசபெத் கீ என்ற பெண்ணின் தாய் ஆப்பிரிக்கப் பெண். தந்தை தாமஸ் கீ ஆங்கிலேயர், அந்தச் சபையில் உறுப்பினராகவும் இருந்தவர். மகளைக் குறிப்பிட்ட ஆண்டுகள் மட்டும் வேலைக்கு ஒப்படைத்துவிட்டு அவர் இறந்துபோனார். ஆண்டுகள் கடந்தும் யாரும் அவளை விடவில்லை. இன்னொருவர் கைக்கு மாறினாள். அவர் இறந்தபோது சொத்துக் கணக்கில் அடிமையாகச் சேர்த்துவிட்டார்கள். 1655-இல் அவள் வழக்குத் தொடுத்தாள். வழக்கறிஞராக நின்றவர் வில்லியம் கிரின்ஸ்டெட். ஆங்கிலேயப் பொதுச் சட்டப்படி பிள்ளையின் நிலை தந்தையின் நிலை; என் தந்தை சுதந்திர மனிதர்; நான் ஞானஸ்நானம் பெற்றவள்; எனக்குக் குறித்த காலமும் முடிந்துவிட்டது. இவைதான் அவள் வாதங்கள். ஒரு நீதிமன்றம் விடுவித்தது, மேல்மன்றம் மறுத்தது, வழக்கு சபைக்கு வந்தது. சபையின் குழு ஆராய்ந்து, சுதந்திர மனிதனுக்கு அடிமைப் பெண்ணிடம் பிறந்த பிள்ளை சுதந்திரமானதே என்று 1656-இல் சொன்னது. எலிசபெத் விடுதலை பெற்று, கிரின்ஸ்டெட்டையே மணந்துகொண்டாள்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1662 டிசம்பரில், அதே சபை ஒரு சட்டம் இயற்றியது. இந்த நாட்டில் பிறக்கும் பிள்ளைகள் அடிமையா சுதந்திரரா என்பது தாயின் நிலையைப் பொறுத்தே அமையும். மார்ட்டினின் ஆட்களை வெளியே அனுப்பிய அதே தெளிவு, அதே சுருக்கமான நடை. பல நூற்றாண்டுப் பழைமையுள்ள ஆங்கிலேயச் சட்டத்தை அவர்கள் தலைகீழாகத் திருப்பினார்கள். எசமானருக்கு அடிமைப் பெண்ணிடம் பிறக்கும் பிள்ளை இனி அவருடைய சொத்து. இன்னொரு எலிசபெத் கீ அந்த வழியாக வெளியே வர முடியாது. 1669-இல் மேலும் ஒன்று: அடிக்கும்போது அடிமை இறந்துவிட்டால் எசமானர் மேல் கொலைக்குற்றம் இல்லை, ஏனென்றால் தன் சொத்தைத் தானே வேண்டுமென்று எவரும் அழிக்கமாட்டார். மனிதர்கள் உட்கார்ந்து, பேசி, வாக்களித்து எழுதிய வாக்கியம் இது. எங்கோ இருக்கும் மன்னரின் ஆணை அல்ல. தன்னாட்சி தன் கையால் எழுதியது.

நிலமில்லாத வெள்ளையரையும் அந்தச் சபை விட்டுவைக்கவில்லை. 1670-இல் சொத்துள்ளவர்களுக்கு மட்டுமே வாக்கு என்று குறுக்கிற்று. ஆறு ஆண்டுகளில் பேக்கன் என்ற பண்ணையார் தலைமையில் கலகம் வெடித்து ஜேம்ஸ்டவுன் எரிந்தது. 1775 வாக்கில் வர்ஜீனியாவில் ஐவரில் இருவர் அடிமைகள்.

இந்தப் பண்ணையார்களும் ஒரு விதத்தில் கட்டுண்டவர்களே. அதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதியாகிவிடும். 1619-இல் மூன்று ஷில்லிங் விற்ற இலை 1630 வாக்கில் ஒரு பென்னிக்கும் கீழே போனது. முப்பத்தாறில் ஒரு பங்கு. விலை விழுந்தபோது அவர்கள் குறைவாக விளைவிக்கவில்லை, இன்னும் அதிகமாக விளைவித்தார்கள். கடன்பட்ட விவசாயி எங்கும் செய்வது அதுதான். 1660-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் சட்டம் போட்டது: புகையிலையை இங்கிலாந்துக்கும் அதன் காலனிகளுக்கும் தவிர வேறெங்கும் அனுப்பக்கூடாது. நல்ல விலை கொடுத்த டச்சுக்காரர்களின் வழி அடைபட்டது. ஆளுநர் பெர்க்லி லண்டனுக்கே போய் வாதாடினார், பயனில்லை.

பெரிய பண்ணையார் தன் பீப்பாய்களை லண்டன் வியாபாரிக்கு அனுப்புவார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு பீப்பாய் ஆயிரம் ராத்தல். சாலையில் உருட்டிக்கொண்டே போய் ஆற்றுத் துறையில் ஏற்றுவார்கள். வியாபாரி விற்றுக் கொடுப்பார். கப்பல் வாடகை, சுங்கம், கிடங்குக் கூலி, தரகு எல்லாம் கழிப்பார். மிச்சத்துக்குப் பண்ணையார் கேட்ட துணியும் நாற்காலியும் மதுவும் வாங்கி அனுப்புவார், விலையும் அவர் சொன்னதே. மிச்சம் போதாவிட்டால் பற்று எழுதுவார். ஜார்ஜ் வாஷிங்டன் 1764-இல் ராபர்ட் கேரி கம்பெனிக்குச் சுமார் 1,800 பவுண்டு கடன்பட்டிருந்தார். சில ஆண்டுகளில் புகையிலையை விட்டுக் கோதுமைக்கு மாறிவிட்டார்.

தாத்தாவின் நோட்டு ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது. நீல மை, சாய்ந்த கையெழுத்து. இடது பக்கம் சிப்பங்களின் எடை. வலது பக்கம் முன்பணம், வண்டி வாடகை, கூலி, ஈரக் கழிவு, தரகு. பக்கத்தின் அடியில் பெரும்பாலும் ஒரே சொல்: பாக்கி. ஒரு பங்குனியில், மூன்று மாதம் வெயிலில் நின்று பாடம் போட்ட இலையை மண்டிக்காரர் ஒருவர் முகர்ந்து பார்த்து "பூசணம்" என்று ஒற்றைச் சொல்லில் பாதி விலையாக்கினார். தாத்தா எதிர்த்துப் பேசவில்லை. அடுத்த நடவுக்கு முன்பணம் அவரிடம்தான் வாங்க வேண்டும். வாஷிங்டனின் கடிதங்களில் தன் இலைக்கு அண்டை வீட்டாரைவிடக் குறைந்த விலை வந்ததாக அவர் குமுறுவதைப் படித்தபோது எனக்கு அந்தப் பங்குனி நினைவுக்கு வந்தது. அந்தக் குமுறல் உண்மையானது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்தக் குமுறல்தான் 1758-இல் சட்டமாயிற்று. பாதிரிமார்களின் சம்பளம் ஆண்டுக்கு 16,000 ராத்தல் புகையிலை. அந்த ஆண்டு விளைச்சல் பொய்த்து விலை ஏறியது. ராத்தலுக்கு இரண்டு பென்னி வீதம் பணமாகக் கொடுத்தால் போதும் என்று சபை முடிவு செய்தது. மன்னர் அதைத் தள்ளுபடி செய்தார். பாதிரியார் ஒருவர் நிலுவைக்காக வழக்குப் போட, 1763-இல் ஹானோவர் ஊர் நீதிமன்றத்தில் பேட்ரிக் ஹென்றி என்ற இளம் வழக்கறிஞர் எழுந்தார். மக்களின் நல்ல சட்டத்தைத் தள்ளும் மன்னர் கொடுங்கோலராகிவிடுகிறார், கீழ்ப்படிதலைக் கோரும் உரிமையை இழக்கிறார் என்றார். நடுவர்கள் பாதிரியாருக்கு ஒரே ஒரு பென்னி இழப்பீடு கொடுத்தார்கள். 1774-இல் ஆளுநர் டன்மோர் சபையைக் கலைத்தபோது, உறுப்பினர்கள் வில்லியம்ஸ்பர்க் தெருவில் நடந்து ராலி விடுதிக்குப் போய் அங்கே கூடினார்கள். 150 ஆண்டுப் பழக்கம். கூடுவதற்கு அவர்களுக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

அவர்களில் ஒருவரும் பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவருமான ஜெஃபர்சன், விடுதலைப் போருக்குப் பிறகு பண்ணையார்களின் கடனைப் பற்றி எழுதினார். கடன் தந்தையிடமிருந்து மகனுக்குத் தலைமுறை தலைமுறையாக இறங்கிற்று. பண்ணையார்கள் லண்டன் வணிக நிறுவனங்களோடு இணைக்கப்பட்ட ஒரு வகைச் சொத்தாகிவிட்டார்கள். எழுதியவருடைய பண்ணையில் தாயிடமிருந்து பிள்ளைக்கு இறங்கிய அடிமைத்தனம் இருந்தது, 1662-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி. கடன்பட்டவனின் வேதனையைச் சொல்ல வந்தவருக்குக் கையருகே கிடைத்த உவமை, சொத்தாகிவிட்ட மனிதன்.

தேவாலயத்திலிருந்து வெளியே வந்து கிழக்கே சற்று நடந்தால் பழைய குடியிருப்பின் மனைகள். அதில் ஒன்று கேப்டன் வில்லியம் பியர்ஸுடையது. ரோல்ஃபின் கடைசி மனைவி ஜேன் இவருடைய மகள். 1625-இல் காலனி முழுவதையும் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். எத்தனை துப்பாக்கி, எத்தனை மூட்டைச் சோளம், எத்தனை பன்றி எல்லாம் எழுதியிருக்கிறார்கள். யியர்ட்லியின் கணக்கில் ஆப்பிரிக்க ஆண்கள் 3, பெண்கள் 5. பெயர்கள் இல்லை. பியர்ஸியின் தோட்டத்தில் 7 பேர். பியர்ஸ் வீட்டில் ஒரு பெயர் இருக்கிறது: ஏஞ்சலோ என்று எழுதியிருக்கிறார்கள், இன்று ஏஞ்சலா என்கிறார்கள். அந்த மனையைத் தொல்லியலாளர்கள் தோண்டியிருக்கிறார்கள். நான் போனபோது புல் மூடியிருந்தது, ஆற்றுக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த மற்றவர்கள் பலருக்கு வயதும் வந்த ஆண்டும் அந்தக் கணக்கில் உண்டு. அவள் பெயருக்குப் பக்கத்தில் ஊர் இல்லை, வயது இல்லை. ஏற்றிவந்த கப்பலின் பெயர் மட்டும் இருக்கிறது: டிரஷரர், கருவூலக்காரர்.